இருபத்திரண்டாம் குறை

பெண் பார்க்கப் போன இடத்தில் நம்பிராஜன் காபி டம்ளரைக் கையில் வாங்கினான், பெண்ணைப் பார்க்கவில்லை. டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "இங்ஙன ஒரு நெளிவு இருக்கு" என்றான். பெண்ணின் பெயர் மாடத்தி, நல்ல ரோஷக்காரி. "டம்ளரையும் மாத்துதோம், மாப்பிள்ளையையும் மாத்திக்கிடுதோம்" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள். நாங்குநேரியிலிருந்து போன வேன் மதியச் சாப்பாடு இல்லாமலே திரும்பியது. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பது ஊருக்குப் பழமொழி, நம்பிராஜனுக்கு அனுபவம்.

பாவம், அவனை மட்டும் சொல்லி என்ன செய்வது? ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடமாக அவனுக்கு அதுதான் வேலை. கண்ணாடி அறைக்குள் ரோபோக் கைகள் பெயிண்ட் அடிக்கும். நாற்பது வினாடிக்கு ஒரு பம்பர் வெளியே வரும். தூசி, கொப்புளம், வழிசல் எது இருந்தாலும் நம்பிராஜன் கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். நல்ல பம்பர் ஒன்றும் பேசாமல் அவனைத் தாண்டிப் போய்விடும். நல்லதைப் பற்றி எழுத அவனுடைய படிவத்தில் கட்டமே கிடையாது.

பதவி என்னவோ இன்னமும் டிரெய்னிதான். தை பிறந்தால் மூன்று வருடம் முடியும். அதற்கு மேல் வைத்துக்கொண்டால் நிரந்தரமாக்க வேண்டும். ஆகவே அந்தக் கம்பெனி யாரையும் அதற்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவன் பெட்டியோடு போக வேண்டியதுதான்.

அந்த ஐப்பசியில்தான், 2013-இல், 'கருடமலை' வெளிவந்தது. இணையத்தில் ஆடும் மாயாஜால விளையாட்டு. ஆளுக்கொரு வீரனை உருவாக்கிக்கொண்டு மலை, காடு, பாதாளம் எல்லாம் சுற்றலாம், ராட்சசர்களை அடிக்கலாம், ஊர் ஊராக இருக்கும் மற்ற ஆட்டக்காரர்களோடு கூட்டுச் சேரலாம். கிண்டியில் இருந்த ஒரு சின்ன நிறுவனம் அதைச் செய்திருந்தது. முதல் மாதம் ஆடுகிறவர்களில் யார் விளையாட்டின் நிறைகுறைகளை உருப்படியாக எழுதி அனுப்புகிறாரோ, அவருக்குத் தங்களிடமே சோதனையாளர் வேலை என்று அறிவித்திருந்தார்கள். ஒரு கணக்கு, ஒரு ஆள் என்பது விதி.

நம்பிராஜன் அறிவிப்பை மூன்று தடவை படித்தான். குறை கண்டுபிடிக்கச் சம்பளமா? தனக்காகவே எவனோ கூப்பிடுகிறான் என்று பட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் அவன் இருந்த அறையில் ஆள் மூன்று, கட்டில் ஒன்று. இது கஞ்சத்தனம் இல்லை, கணிதம். மூவரும் ஒரே தொழிற்சாலை, வெவ்வேறு ஷிஃப்ட் குரூப். எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒருவன் வேலையில் இருப்பான், ஒருவன் கட்டிலில் இருப்பான், ஒருவன் சும்மா இருப்பான். இரண்டாமவன் தளவாய், நம்பிராஜனுக்குப் பக்கத்து ஊர். அவன் தங்கைக்குக் கல்லூரியில் கிடைத்த இலவச லேப்டாப் அறைக்கு வந்து சேர்ந்ததும் அவனால்தான். மூன்றாமவன் நிலவன், வாலாஜாபாத் பக்கத்துப் பையன், வயதில் இளையவன். ஊர் கிட்டத்தில்தான், ஆனால் பஸ் நேரத்துக்கும் ஷிஃப்ட் நேரத்துக்கும் ஒரு ஜென்மத்திலும் ஒத்துவராது என்பதால் அறையில் ஒதுங்கியவன்.

"சும்மா இருக்கவன் ஆடட்டும்லே. கணக்கு ஒண்ணு, ஆளு மூணு. மெஷின் நிக்கப்பிடாது" என்றான் நம்பிராஜன்.

வீரனுக்கு மாடசாமி என்று பெயர் வைத்தார்கள். ஒரு குதிரையும் ஒரு வாளும் கொடுத்தார்கள். நம்பிராஜன் பழைய ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்துக் கோடு போட்டான்: தேதி, ஷிஃப்ட், கொன்ற ராட்சசர், நிறை, குறை, கையெழுத்து. ஆடி முடித்தவன் எழுதி ஒப்படைக்க வேண்டும், வருகிறவன் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் தொட வேண்டும். 'பாதாளப் பாம்புக்கு இன்னும் இரண்டு தலை பாக்கி, அடுத்த ஷிஃப்ட் முடிக்கவும். மூலிகை ஆறு. குதிரைக்குப் புல் போட்டாயிற்று.' பார்த்தால் ஏதோ பாய்லரை ஒப்படைக்கிற மாதிரி இருக்கும்.

விளையாட்டு மோசமில்லை. உண்மையைச் சொன்னால் மிக நல்ல விளையாட்டு. மலை மலையாகவே இருந்தது. டேட்டா கார்டில் தட்டுத் தடுமாறாமல் ஓடியது. கிழட்டு மந்திரவாதிகூட ஆளைப் பார்த்துத்தான் பேசினான். இதையெல்லாம் நம்பிராஜன் எழுதவில்லை. அவன் கண்ணில் பட்டது வேறு. செத்த ராட்சசன் மறைந்த பிறகும் மீசை மட்டும் காற்றில் நிற்கிறது. அரண்மனை ஆடு சுவருக்குள் நுழைந்து அங்கேயே மேய்கிறது. காலையிலும் மாலையிலும் நிழல் ஒரே பக்கம் விழுகிறது. ஒவ்வொன்றையும் தொழிற்சாலைப் பாணியில் எழுதினான்: குறை என்ன, எங்கே, எத்தனை தடவைக்கு எத்தனை தடவை, காரணம் என்னவாக இருக்கலாம். தளவாயும் தன் பங்குக்குப் பிடித்தான். ஆடு தளவாய் பிடித்ததுதான்.

நிலவன்தான் உதவாக்கரை. அவனுடைய ஷிஃப்ட் பக்கத்தைத் திறந்தாலே நம்பிராஜனுக்கு எரிச்சல் வரும். 'கொன்ற ராட்சசர்: இல்லை. குறை: இல்லை. நிறை: ஏரியில் மழை.' மறுநாள்: 'ராட்சசர்: இல்லை. நிறை: மழை. இன்னைக்கி காத்தும் கீது.' கருடமலைக்குப் பின்னால் ஓர் ஏரி இருந்தது. அங்கே எப்போதும் மழை. நிலவன் மாடசாமியைக் கொண்டுபோய்க் கரையில் உட்கார வைத்துவிட்டு, எட்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"எலே, மாடசாமி என்ன பிக்னிக்கா வந்திருக்கான்? டார்கெட் நாப்பது ராட்சசன்லே!"

"நம்பிண்ணா, நான் உள்ள பூந்தா எட்டு மணி நேரம் ஜன்னலே இல்ல. ஒரு வருசமா மழ பேஞ்சி நான் பாக்கல தெரியுமா? ஷிஃப்ட் முடிஞ்சி வெளிய வந்தா தரை ஈரமா கீது, அவ்ளோதான். இங்கயாவது பாத்துக்கினு இருக்கேனே, இன்னா இப்ப?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை என்று நம்பிராஜன் நினைத்துக்கொண்டான். ஆனால் அன்று ஏரிப் பக்கம் போய்ப் பார்த்தான், குறை ஏதும் கிடைக்குமா என்று. கிடைத்தது. மழை கனமாகப் பெய்தால் லேப்டாப் திணறியது. படம் நின்று நின்று ஓடியது. இருபது தடவை பார்த்தான், பதினேழு தடவை திணறியது. விளக்கமாக எழுதி அனுப்பினான். அதுதான் இருபத்திரண்டாம் குறை.

அனுப்பிய நான்காம் நாள் கிண்டியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. இதுவரை வந்ததிலேயே மிகத் துல்லியமான கண்டுபிடிப்பு, சரிசெய்துவிட்டோம், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்கள். மூன்று வருடத்தில் அவன் ஒட்டிய எத்தனையோ ஆயிரம் சிவப்புச் சீட்டுக்கு ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. நம்பிராஜன் அந்தக் கடிதத்தைக் கடையில் பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான்.

அடுத்த நாள் ரிஜிஸ்டரில் நிலவன் எழுதியிருந்தான்: 'நிறை: இல்லை. குறை: ஏரியில் மழை இல்லை. எவன்டா நிறுத்தினது?'

அவர்கள் சரிசெய்த விதம் அது. திணறுகிற மழையைத் திருத்த நேரமில்லாமல் மழையையே தூக்கிவிட்டார்கள். நிலவன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு நல்ல பிள்ளையாக நாற்பது ராட்சசனைக் கொன்று கணக்குக் காட்ட ஆரம்பித்தான். நம்பிராஜன் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

ஆட ஆரம்பித்த இருபத்தாறாம் நாள் கணக்குக்குப் பூட்டு விழுந்தது. மாடசாமி உள்ளே போக மறுத்தான். ஆங்கிலத்தில் ஒரு கடிதம். தளவாய்தான் படித்துச் சொன்னான்.

"இருபத்தாறு நாளா ராவும் பகலும் ஒரு நிமிசம் கண்ணசராம ஆடியிருக்கியாம். மனுசனால முடியாதாம். நீ மனுசன் இல்ல, மெஷின்னு கண்டுபிடிச்சிட்டானுவோ."

நம்பிராஜனுக்குச் சுருக்கென்று தைத்தது. "மூணு வருசமா மெஷினுக்கு எதுத்தாப்புல நின்னு மாரடிக்கேன். கடைசில என்னையவே மெஷினுங்கானா?"

கோபம் தணிந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டுமானால் மூன்று பேர் ஆடினோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் விதியை மீறியவன், வேலை போச்சு. சொல்லாவிட்டால் ரோபோ, அப்போதும் வேலை போச்சு. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தவன், 'நான் மனிதன்தான், பேசிப் பாருங்கள்' என்று மட்டும் எழுதித் தன் செல்போன் எண்ணை அனுப்பினான்.

அங்கேதான் புத்தி பிசகியது. தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. போன் அறையில்தான் கிடக்கும். அறையில் யார் விழித்திருக்கிறானோ அவன் எடுப்பான். இது ஞாபகம் வந்ததும் ரிஜிஸ்டரில் அவசரமாக ஓர் உத்தரவு எழுதினான்: 'கிண்டியிலிருந்து போன் வந்தால் எடுப்பவன் நம்பிராஜன். என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று வரி விடாமல் எழுதி ஒப்படைக்கவும்.'

மூன்று நாளில் மூன்று போன் வந்தது. பேசியவள் சுகப்பிரியா, விளையாட்டின் தரம் பார்க்கிற பொறுப்பு அவளுடையது. திங்கள் காலை தளவாய் நம்பிராஜனாக இருந்தான். மாடசாமி என்று ஏன் பெயர் வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க ஊரு சாமி மேடம், நாங்குநேரிப் பக்கம்" என்று சொல்லி, அப்படியே எழுதியும் வைத்தான். செவ்வாய் மதியம் நிலவன் நம்பிராஜனாக இருந்தான். அதே கேள்விக்கு ரிஜிஸ்டரைப் பார்த்து அதே பதில் சொன்னான்.

"எங்க ஊரு சாமி மேடம். நாங்குநேரி. செம பவரு."

"நாங்குநேரியா? அந்த சாமிக்கு என்ன படையல் போடுவீங்க?"

ரிஜிஸ்டரில் படையல் இல்லை. "இன்னா போடுவாங்க... கூழு ஊத்துவாங்க மேடம்."

"நாங்குநேரில 'இன்னா'ன்னா சொல்வாங்க?"

"இங்க வந்து பயகிடிச்சி மேடம்."

புதன்கிழமை அசல் நம்பிராஜனே எடுத்தான். அவள் கேட்டது ஒரே கேள்வி. "சார், நீங்க இப்ப எந்த நம்பிராஜன்?"

அவன் ரிஜிஸ்டரைப் புரட்டினான். அவள் சிரித்த மாதிரிதான் கேட்டது. "வர்ற சனிக்கிழமை நேர்ல வாங்க. குறைகளை எழுதி வச்ச நோட்டு இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

தளவாய் யோசனை சொன்னான். "இதுல என்னலே இருக்கு? வேற நோட்டு வாங்கி எல்லாத்தையும் உன் கையால எழுது. நான் ஒருத்தன்தான் ஆடுனேன், தூக்கம் வராத வியாதின்னு சொல்லு. உனக்குத்தான் தை மாசம் சீட்டு கிழியப் போவுது. எனக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு, இவனுக்கு அதுக்கும் மேல கெடக்கு."

"ஆமாண்ணா, நீயே எய்திக்கோ. எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் நிலவனும்.

நம்பிராஜன் புது நோட்டு வாங்கி வார விடுமுறையன்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். தன்னுடைய குறைகளை எழுதினான். தளவாயின் ஆட்டைத் தன்னுடையதாக எழுதும்போது கை கொஞ்சம் கூசியது, எழுதிவிட்டான். நிலவனின் பக்கம் வந்தது. 'எவன்டா நிறுத்தினது?' பேனா நின்றது.

இதை எப்படித் தன் கையால் எழுதுவது? நிறுத்தியவனே அவன்தான். கட்டிலில் நிலவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். எட்டு மணி நேரம் ஜன்னலில்லாத இடத்தில் நின்றுவிட்டு வந்த பையன். நம்பிராஜனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. புது நோட்டை மூடி ஓரமாகப் போட்டான். சனிக்கிழமை பழைய ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

சுகப்பிரியாவுக்கு அவன் வயதுதான் இருக்கும். மேசையில் நாலைந்து காலி டீக் கப். ஒரு கப்பில் கைப்பிடி உடைந்திருந்தது. நம்பிராஜன் கஷ்டப்பட்டுக் கண்ணை அதிலிருந்து எடுத்தான். உட்கார்ந்ததும் உட்காராததுமாக எல்லாவற்றையும் கொட்டினான்: ஒரு கட்டில், மூன்று ஷிஃப்ட், மூன்று ஆள்.

"இதுல எந்தெந்தக் குறை யாரு புடிச்சதுன்னு கையெழுத்து இருக்கு மேடம். அடுத்த ஷிஃப்ட்காரன் புடிச்சத என் பேர்ல போட மாட்டேன். எங்க வேலைல அது வழக்கமில்ல."

அவள் ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மீசைக்குச் சிரித்தாள், ஆட்டுக்குச் சிரித்தாள். 'இன்னைக்கி காத்தும் கீது' என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரிஜிஸ்டரை மூடினாள்.

"குறை கண்டுபிடிக்க என்கிட்ட ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க. நீங்க அவங்களை விட நல்லாவே கண்டுபிடிக்கிறீங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணு கேக்கிறேன். நீங்க அனுப்பினது மொத்தம் ஐம்பத்தேழு. அதுல நாங்க திருத்தியிருக்கவே கூடாதுன்னு ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்லலாம். அனுப்பியது அத்தனையும் சரியான குறைதான். பெருமையாக வந்த ஒரே கடிதம் எதற்கு வந்தது என்று அவளுக்கும் தெரியும். அதையே தப்பு என்று சொல்லிவிட்டால் தன் கையில் மிச்சம் என்ன இருக்கிறது?

"இருபத்திரண்டு மேடம்" என்றான்.

"அதுக்குத்தானே உங்களுக்கு நன்றி சொல்லி எழுதினோம்?"

"ஆமா மேடம். லேப்டாப் திணறுனது நெசம். ஆனா மழை நல்ல சாமான். குறையப் பாத்த கண்ணு சாமானப் பாக்கல. நல்ல பீஸ்ல சிவப்புச் சீட்டு ஒட்டிட்டேன். எங்க லைன்ல இதவிடக் கேவலம் ஒண்ணும் கிடையாது. கெட்டது ஒண்ணு தப்பிப் போனா திட்டுவாங்க. நல்லத ஒடைக்கச் சொன்னா, சிரிப்பாங்க."

சுகப்பிரியா கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினாள்.

"மழையை எடுத்ததுலேருந்து இருநூறு பேருக்கு மேல எழுதிட்டாங்க. முன்ன மாதிரி இல்லைங்கிறாங்க. என்ன இல்லைன்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. எங்க நாலு பேருக்கும் தெரியல. உங்க நோட்டுல அந்தத் தம்பி ஒரே வரில எழுதியிருக்கார்." பிறகு சொன்னாள்: "ஒண்ணாம் தேதி வந்து சேருங்க. ஒரு கணக்கு, ஒரு ஆள் விதியை நான் பாத்துக்கிறேன். ஆறு மாசம் டிரெய்னி."

டிரெய்னி என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கே விழுந்தாலும் அதே குட்டைதானா! ஆனால் இந்தக் குட்டையில் ஜன்னல் இருந்தது.

"ஒரு நிபந்தனை" என்றாள் அவள். "வாரா வாரம் அந்தத் தம்பியை நிறை எழுதச் சொல்லி வாங்கிட்டு வரணும். அவர் பேர்ல, அவர் கையெழுத்தோட. உங்களுக்கு அந்தப் பக்கம் வராது போல."

பத்து நாள் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. பெயிண்ட் லாரி வராமல் லைன் நின்று, மூன்று குரூப்புக்கும் ஒரே நாளில் விடுமுறை. முதல் தடவையாக அந்த அறையில் மூவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தார்கள். கட்டிலில் மூன்று பேர் உட்கார்ந்ததும் அது ஒரு சத்தம் போட்டது. மாடசாமிக்குப் பூட்டுத் திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நிலவா, மழைய நிறுத்துனது நான்தான்லே" என்றான் நம்பிராஜன். சொல்லி முடிக்கும் வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நிலவன் அவன் பெட்டியைக் காட்டினான். "தெரியும்ணா. உன் பொட்டி அடியில லெட்டர் பாத்தேன். நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றான். பிறகு லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்து, மாடசாமியை ஏரிக்கரைக்கு ஓட்டினான்.

மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்சம் சன்னமாக்கியிருந்தார்கள், லேப்டாப் ஒரே ஒரு தடவைதான் திணறியது. ஏரி முழுக்கப் புள்ளி புள்ளியாக நீர் எழும்பியது. கரைப் புல் சாய்ந்து நிமிர்ந்தது. தளவாய்கூட ராட்சசனைப் பற்றிப் பேசவில்லை. நம்பிராஜனும் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று நினைத்தான். மாடசாமி நனைந்தான். வாள் நனைந்தது. புல் நனைந்தது.

குதிரை நனையவில்லை. பிடரி மயிர் வெயிலில் காய்ந்த மாதிரி அப்படியே பறந்துகொண்டிருந்தது.

நம்பிராஜனின் கட்டைவிரல் தானாகத் துடித்தது. ஐம்பத்தெட்டு என்று மனசுக்குள் எண் விழுந்துவிட்டது. நிலவன் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாண்ணா? எதுனா கீதா?"

"ஒண்ணுமில்லலே. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான் நம்பிராஜன்.

அவன் பம்பர் பார்க்க வந்த நாளிலிருந்து, குறை தெரிந்தே தாண்டிப் போகவிட்ட முதல் சாமான் அந்தக் குதிரைதான்.